இல்லத்து ஒலிமேடையும் மெத்தைத் தடிமனும்: ஓர் ஆய்வு

இரு ஸ்பீக்கர்களுக்கு எதிரே அமர்ந்தவருக்குப் பாடகர் நடுவிலும், வயலின்கள் ஒருபுறமும், தபேலா மறுபுறமும் இருப்பதாகத் தோன்றும் பரப்பே ஒலிமேடை எனப்படும். நடுவில் ஸ்பீக்கர் ஏதும் இல்லாதபோது பாடகர் அங்கே நிற்பது எங்ஙனம் எனின், இரு பெட்டிகளும் ஒரே குரலை ஒரே அளவில் ஒரே வேளையில் செவிகளுக்கு அனுப்புவதால் என்க. ஆலன் பிளம்லைன் 1931இல் இங்கிலாந்தில் இதற்கான காப்புரிமை கோரினார். கூடத்துப் பீரோவைப் பற்றி அவர் மௌனம் சாதித்தது பின்வந்த உரைகாரர்களுக்கு வாழ்வளித்தது.

ஸ்பீக்கரின் இருப்பு மூவகைப்படும். முதலாவது, சுவரை விட்டு விலகிக் கேட்பவரோடு சமபக்க முக்கோணம் அமைப்பது; இது நூல்களில் மட்டும் காணப்படும். இரண்டாவது, மூலையில் ஒடுங்கித் தாழ்ந்த ஒலிகளைப் பெருக்குவது. மூன்றாவது, ஒன்று பீரோவின் மீதும் மற்றொன்று ஃபிரிட்ஜின் அருகிலும் பிளக் பாயிண்ட் விதித்தவாறு வாழ்வது. இதில் ஃபிரிட்ஜோரப் பெட்டி கேட்பவருக்கு 34 செ.மீ. கூடுதலாக நெருங்கியிருந்தால் அதன் ஒலி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முந்திவரவே, பாடகர் ஃபிரிட்ஜுக்கே குடிபெயர்ந்துவிடுவார்.

இனி மெத்தை. வெற்றுச் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியைத் திருப்பியனுப்பி ஒலிமேடையைக் கலைப்பதால், நுண்துளைகளில் காற்றை உரசச்செய்து ஒலியை வெப்பமாக்கும் மெத்தை இன்றியமையாதது. ஹார்வர்டில் 1895இல் ஆய்வைத் தொடங்கிய வாலஸ் சபைன், அரங்கின் இருக்கை மெத்தைகளை விரிவுரைக் கூடத்துக்குச் சுமந்துவந்து எதிர்முழக்கத்தை அளந்தமை இத்துறையின் தோற்றுவாய். சுவரில் சாத்துவதற்கு உரியது இலவம்பஞ்சே என்பது முதலுரை. நுரை ரப்பரே என்பது மறுப்புரை. உறையைக் கழற்றாமல் சாத்தலாகுமா என்பது மறுப்புரையின் பிற்சேர்க்கைக்கு எழுந்த குறிப்புரை. உறையின் பூ வேலைப்பாடு எத்திசை நோக்க வேண்டும் என்பது அக்குறிப்புரையின் மூன்றாம் பதிப்புக்கு எழுதப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்ட முன்னுரை. இவை யாவும் ஒன்றையொன்று படிக்காமலே மேற்கோள் காட்டுகின்றன. எதிலும் எவரும் பாட்டுக் கேட்டதற்கான சான்று இல்லை.

தடிமனைப் பொறுத்தவரை, ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கு தடித்த மெத்தையே அதனை நன்கு உறிஞ்சும். 3.43 மீட்டர் நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே தங்கி அதிரும் மிகத் தாழ்ந்த ஒலி 50 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 6.86 மீட்டர், கால்பங்கு 1.715 மீட்டர். இரு சுவர்களுக்கும் அத்தடிமனில் ஒவ்வொன்று சாத்தினால் அறை மெத்தையால் முற்றும் நிரம்பும். அவ்வொலியின் அலைநீளம் எப்போதும் அறைநீளத்தின் இருமடங்காதலால், இம்முடிவு எந்நீள அறைக்கும் பொருந்தும் என்பதே இவ்வாய்வின் தனிப்பங்களிப்பு. கேட்பவர் எங்கே அமர்வது என்னும் வினா வேறு துறைக்குரியது.