இரண்டு டிஸ்க்கே போதும்: இல்லற நாஸ் பெட்டி குறித்து ஓர் ஆராய்ச்சி

வீட்டுக்கு நாஸ் பெட்டி வாங்கப் புறப்படுவோர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை பே?" என்பதே. வைஃபை ரூட்டரோடு ஒரு கேபிளால் இணைந்து, வீட்டிலுள்ள எல்லா போனுக்கும் லேப்டாப்புக்கும் பொதுக் கிடங்காக நிற்கும் இந்தப் பெட்டியில், ஹார்டு டிஸ்க் செருகும் குழியைத்தான் கடைக்காரர் பே என்கிறார். டூ-பே, ஃபோர்-பே, சிக்ஸ்-பே என அதில் பல சாதி உண்டு. கைப்பணம் எத்தனை பேக்கு எட்டுமோ அத்தனை பே வாங்குக என்பதே இத்துறையில் இன்றுவரை நிலவும் கொள்கை. தரைத்தளம் மட்டும் கட்டி, என்றோ எழும்பப்போகும் மாடிக்காகக் கம்பியை நீட்டிவிட்டுக் குடிபுகுவோர் நாட்டில் இக்கொள்கை செல்வாக்குப் பெற்றதில் வியப்பில்லை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. நால்வர் குடும்பத்துக்கு இரண்டு டிஸ்க் போதும். மூன்றாவதாக ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் அது பெட்டிக்குள் இருக்கக் கூடாது, வேறு ஊரில் இருக்க வேண்டும். நமது துணிபு இதுவே.

முதற்கண் பெட்டிக்குள் போகும் பொருளை வகைப்படுத்துவோம். இதற்குப் பழைய திணைப் பகுப்பே போதும். கல்யாண வீடியோ, காதுகுத்து, குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்தது, மறைந்த தாத்தா யாரையோ திட்டும் நாற்பது விநாடிப் பதிவு ஆகியன அகம். பட்டா, வில்லங்கச் சான்று, ஆதார் நகல், மூன்று முறை ஸ்கேன் செய்தும் கோணலாகவே வந்த பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஆகியன புறம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா நாள்தோறும் அனுப்பும் ரோஜாப்பூக் காலை வணக்கம், பதில் பெறாத அன்பாகையால், கைக்கிளை. டவுன்லோடு செய்து வைத்து ஒருநாளும் பார்க்காத உலக சினிமா, பொருந்தாக் காமமாகையால், பெருந்திணை. இவற்றுள் புறம் மிகச் சிறிது; ஒரு குடும்பத்தின் சொத்து, படிப்பு, அடையாளம் அத்தனையும் பழைய பென் டிரைவ் ஒன்றில் அடங்கிவிடும். கைக்கிளை எண்ணிக்கையில் பெரிதாயினும், வாட்ஸ்அப் படங்களை நசுக்கியே அனுப்புவதால் எடையில் சிறிது. இடத்தைத் தின்பவை அகமும் பெருந்திணையும். பெருந்திணையை இவ்வாய்விலிருந்து விலக்குகிறோம். விலக்கியது ஒழுக்கம் கருதியன்று; அது தொலைந்தால் வீட்டில் ஒருவரும் அழப்போவதில்லை.

இனி அகத்தை அளப்போம். கஞ்சத்தனமின்றி, தலைக்கு நாளொன்றுக்கு 20 போட்டோ, போட்டோவுக்கு 4 எம்பி என்று கொண்டால் நால்வருக்கு 320 எம்பி. ஆளுக்கு ஒரு நிமிட வீடியோ, நிமிடத்துக்கு 100 எம்பி எனச் சேர்த்தால் நாளொன்றுக்கு மொத்தம் 720 எம்பி. ஆண்டுக்கு ஏறக்குறைய 263 ஜிபி. பத்தாண்டுக்கு 2.6 டிபி. ஸ்டுடியோக்காரர் தலையில் கட்டிய கல்யாணக் கோப்புகளுக்கென்று 500 ஜிபி கூட்டினாலும் ஏறக்குறைய 3.1 டிபிதான். ஆக, 4 டிபி டிஸ்க் இரண்டை வாங்கி, ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் அப்படியே பதியும்படி ரெய்டு 1 முறையில் அமைத்தால் ஒரு பத்தாண்டு ஓடிவிடும். பெட்டியில் போட்டதும் 4 டிபி என்பது 3.63 என்றே திரையில் தெரியும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகப் பதற வேண்டாம். டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. வீட்டு நாஸுக்கென விற்கும் சாதாரண டிஸ்க்குகளுக்கு வாரண்டி மூன்றாண்டுதான் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். டிஸ்க் நிறையும் முன்பே டிஸ்க்குக்கு வயதாகிவிடும். ஐந்தாறு ஆண்டில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெரியதாக மாற்றப்போகிறவருக்கு மூன்றாவது, நான்காவது குழிகள் எதற்கு? தூசி சேர்வதற்கே.

அற்றேல், டிஸ்க் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடுமே எனின், கூடாது. ரெய்டு என்ற கருத்தை 1988இல் கட்டுரையாக வெளியிட்டுப் பரப்பியவர்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவர். விலை மிகுந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, பர்சனல் கம்ப்யூட்டருக்கான சின்ன டிஸ்க்குகள் பலவற்றை அணிவகுத்து நிறுத்தலாமே என்பது அவர்கள் யோசனை. பலவற்றை நிறுத்தினால் அவற்றுள் ஏதேனும் ஒன்று சீக்கிரம் சாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதற்கு மருந்தாகத்தான் உபரித் தகவலைச் சேர்த்து எழுதும் முறையை வைத்தார்கள். அதாவது ரெய்டு என்பது, டிஸ்க் பல இருப்பதால் வரும் நோய்க்கு மருந்து. மருந்து கைவசம் இருக்கிறதே என்று நோயை விலைக்கு வாங்குவாருக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை.

அன்றியும், ரெய்டு காப்பது டிஸ்க்கின் மரணத்திலிருந்து மட்டுமே. வீட்டில் கோப்புகள் சாவது பெரும்பாலும் அவ்வகையால் அன்று. "போன்ல இடமில்லைனு வந்துச்சு, அதான் பழசையெல்லாம் அழிச்சேன்" என்ற குரல் அடுத்த அறையிலிருந்து எழும்போது, போனோடு ஒத்திசைவில் இருக்கும் பெட்டியிலும் அவை அழிகின்றன. பெட்டியின் இரு டிஸ்க்கிலும் ஒரே கணத்தில், மிக விசுவாசமாக, அழிகின்றன. இடி, திருட்டு, மேல்வீட்டுக் குழாய்க் கசிவு ஆகியவையும் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத் தாக்குவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அத்தகைய தண்ணீருக்கு டூ-பே, ஃபோர்-பே வேறுபாடு தெரியாது. புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ வகுத்த 3-2-1 விதி இந்த இடத்தில்தான் உதவுகிறது: பிரதி மூன்று, வைக்கும் சாதன வகை இரண்டு, வேற்றிடத்தில் ஒன்று. நான்கு பேக்குக் கொடுக்கவிருந்த கூடுதல் பணத்தில் ஒரு யுஎஸ்பி டிஸ்க் வாங்கிச் சம்பந்தி வீட்டில் வைத்துவிடுவதே இவ்விதியின் தமிழ் வடிவம். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைப்பது நலம்; சம்பந்திகளின் ஆர்வம் ஹேக்கர்களின் ஆர்வத்துக்குக் குறைந்ததன்று. பொங்கலுக்குப் போகும்போது புதியவற்றை லேப்டாப்பில் கொண்டுபோய் அங்கேயே ஏற்றிவிட வேண்டும். டிஸ்க்கை இங்கே எடுத்துவந்தால் மூன்று பிரதியும் ஒரே கூரைக்கு அடியில் வந்துவிடும். திருப்பி எடுத்துப்போக ஆடி வரை எவருக்கும் நினைவு வராது.

"பெட்டியே எதற்கு, கூகுள் இருக்கிறதே" என்பாரும் உளர். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் படங்களையெல்லாம் 15 ஜிபி இலவசக் கணக்கில் சேர்த்து எண்ணுகிறது. நமது 720 எம்பிக் குடும்பத்துக்கு அது மூன்று வாரம் தாங்கும். காசு கட்டினால் கூடுதல் இடம் கிடைக்கும், மறுக்கவில்லை. கட்டுவதை நிறுத்தும் ஆண்டில் என்ன ஆகும் என்பதே கேள்வி. இன்னொரு சாரார், பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் ட்ரூநாஸ் என்னும் நாஸ் மென்பொருளைப் போட்டுக்கொண்டால் செலவே இல்லை என்பர். அதுவும் பொருந்தாது, என்னை? பழைய டெஸ்க்டாப் சும்மா நிற்கும்போதே 60 வாட் இழுப்பதாகக் கொண்டால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழக அரசு வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை தரும் 100 இலவச யூனிட்டில் மிச்சம் 14. டூ-பே பெட்டி 20 வாட் என்றால் 29 யூனிட்டோடு அடங்கும். இந்த ஒரு கணக்கைக் காட்டியே வீட்டில் பெட்டிக்கு அனுமதி வாங்கிவிடலாம் என்பது இவ்வாய்வின் கிளைப்பயன்.

வேகம் வேண்டுமே என்பதற்கு விடை சுருக்கமானது. வீட்டுப் பெட்டிகளில் பொதுவாக உள்ள கிகாபிட் போர்ட் விநாடிக்கு 125 எம்பிக்கு மேல் விடாது. நல்ல டிஸ்க் ஒன்றே அதைவிட வேகமாக ஓடும். நான்கு டிஸ்க்கைப் பூட்டினாலும் வாசல் அதே வாசல்தான், அதன்பின் படுக்கையறைக்கு எட்டுவதும் எட்டாததுமான வைஃபை. பிராசஸரைப் பற்றிய விவாதம் பெருந்திணையாருக்கே உரியது, ஆகலின் விடுத்தோம்.

டிஸ்க் வாங்குமிடத்தில் மட்டும் கொஞ்சம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொள்ள வேண்டும். இட நெருக்கடிக்காக ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க் உண்டு. அதில் ஒன்றைத் திருத்த அண்டையில் இருப்பவற்றையும் திரும்ப எழுத வேண்டும். பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதிதாகச் செருகியதும் எல்லாவற்றையும் மறுபடி நிரப்பும் வேளையில் இது திணறும். நாஸுக்கென்றே விற்ற தனது ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சிலவற்றில் இம்முறை இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில்தான் வெளிப்படையாகச் சொன்னது. கடையில் "நாஸ் டிஸ்க்தானே?" என்று கேட்பது வீண். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகைக்குப் பெயர் சிஎம்ஆர்; "சிஎம்ஆரா?" என்று கேட்க வேண்டும். கடைப்பையன் விழித்தால் மாடல் எண்ணை வாங்கித் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கொடுக்கலாம்.

எஞ்சியிருப்பது ஓர் ஆட்சேபம். அதை எழுப்புவோர் நிபுணர்கள் அல்லர், வீட்டார்: "நீங்க ஊர்ல இல்லாதப்ப இது நின்னுபோனா யாருக்கு என்ன தெரியும்?" இத்துறையில் எழுப்பப்பட்ட கேள்விகளிலேயே கூர்மையானது இது. அட்மின் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, பீரோவில் கேஸ் புக்குக்குள் வைப்பதே விடை. தாளில் எழுதலாமா என்று பாதுகாப்பு வல்லுநர்கள் முகம் சுளிப்பர். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல் க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைப் பூட்டி, தலா 0.03 பிட்காயின் கேட்டது. பூட்டப்பட்டவை, வெளியூரிலிருந்தும் படம் பார்க்கலாம் என்ற ஆசையில் இணையத்துக்கு நேரே திறந்துவிடப்பட்ட பெட்டிகள். பீரோ வழியாக அந்தக் கும்பல் வந்ததாகச் செய்தி இல்லை. ஆகவே ரூட்டரில் இணையத்துக்குத் திறந்த வழியை மூடுக. தாளை மட்டும் வீட்டில் இன்னொருவருக்குக் காட்டி வைக்க. பாஸ்வேர்டுக்குக் கீழே, எந்தப் பொத்தானை எத்தனை விநாடி அழுத்தினால் பெட்டி மறுபடி எழும் என்பதையும், சம்பந்தி வீட்டு டிஸ்க் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் தமிழிலேயே எழுதிவிடுக.