தேறாத அணிக்கு மூத்த வீரர் வாங்குவது எப்படி?

முதலில் தோற்க வேண்டும். அதில் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. என்.எச்.எல். என்னும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில் ஓர் அணிக்கு ஜெனரல் மேனேஜராக உட்கார்ந்திருக்கிறீர்கள். பிளே-ஆஃப் பக்கம் தலைவைத்துப் படுத்தே வருடக்கணக்காகிறது. ஜூலை 1 அன்று ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை திறக்கும். அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

வரப்போகிறவர் இனிமேல் எத்தனை கோல் போடுவார் என்று கேட்காதீர்கள். இதுவரை எத்தனை போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். எண்ணிக்கை பெரிதாக இருக்கும், மனம் குளிரும்.

லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் இதை முறையாகச் செய்தது. 2018 பிளே-ஆஃபில் வேகாஸிடம் நான்கு ஆட்டத்திலும் தோல்வி. நான்கிலும் சேர்த்து மூன்றே கோல். உடனே, ரஷ்யாவில் ஆடிக்கொண்டிருந்த இல்யா கோவல்சுக்கை அழைத்து வந்தார்கள். வயது 35, மூன்று ஆண்டு, 1.875 கோடி டாலர். முதல் சீசனில் 64 ஆட்டத்தில் 16 கோல். அணி மேற்குப் பிரிவில் கடைசி. அடுத்த சீசனில் களமிறக்காமல் உட்காரவைத்து, டிசம்பரில் ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்கள். மறுமாதம் அதே ஆளை மான்ட்ரியல் ஆண்டுக்கு 7 லட்சம் டாலர் என்ற அடிமட்டச் சம்பளத்துக்கு எடுத்தது. 22 ஆட்டத்தில் 13 புள்ளி (கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து) கொடுத்தார். ஆகவே பொறுமை காத்து மலிவாக வாங்கித் தொலைக்காதீர்கள். அதற்கெல்லாம் யாரும் பிரஸ் மீட் வைப்பதில்லை.

அடுத்து, சம்பள உச்சவரம்பு. முதலாளிகளும் வீரர்களும் இதற்காகப் போட்ட சண்டையில் 2004-05 சீசனை ஓர் ஆட்டம்கூட ஆடாமல் தொலைத்துவிட்டு லீக் இதைக் கொண்டுவந்தது. அணிக்கு 3.9 கோடி டாலரில் தொடங்கி, 2025-26க்கு 9.55 கோடியாகியிருக்கிறது. முதலாளி எத்தனை பெரிய குபேரராக இருந்தாலும் அதற்கு மேல் அள்ளிவிட முடியாது. பெரியவருக்குக் கொடுப்பது முதலாளி பையிலிருந்து போகிறது என்று ரசிகர்கள் நினைப்பார்கள். நினைக்கட்டும். அது உங்கள் 22 வயதுப் பையனின் அடுத்த சம்பளத்திலிருந்து போகிறது என்பதை அவனுடைய ஏஜென்ட் மட்டும் கவனித்துக்கொண்டிருப்பார்.

கடைசி ஆண்டுகளுக்குச் சில்லறையாகப் போட்டு, உச்சவரம்புக் கணக்கில் ஏறும் வருடச் சராசரியைக் குறைக்கலாமே என்று தோன்றும். பிலடெல்பியாவுக்கும் தோன்றியது. 2009இல் தங்கள் மூத்த வீரர் கிறிஸ் பிராங்கருக்கு ஏழு ஆண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு வெறும் 5.25 லட்சம். கையெழுத்திட்டபோது அவருக்கு 34. ஆனால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது 35 ஆகியிருந்தது. அன்றைய விதிப்படி அந்த வயதுக்காரர் விஷயத்தில், ஆள் ஓய்வு பெற்றாலும் தொகை அணியின் கணக்கைவிட்டு இறங்காது. 2011 நவம்பரோடு காயத்தால் அவர் ஆட்டம் முடிந்தது. ஓய்வு என்ற சொல்லை மட்டும் யாரும் வாயால் சொல்லவில்லை. 2015இல் அவர் பெயர் அரிசோனா அணியின் கணக்குக்குக் கைமாறியது. அந்த ஆண்டே 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவமும் வந்தது, தாளில் இன்னும் ஒப்பந்த வீரராக இருக்கும்போதே.

அரிசோனா ஏன் வாங்கியது? மேலே வரம்பு இருப்பதுபோல் கீழேயும் ஒன்று உண்டு. அதற்குக் குறைவாகச் செலவழித்தால் லீக் விடாது. கையில் காசில்லாத அணிக்கு, கணக்கில் பெரிய தொகையும் நிஜத்தில் சின்னத் தொகையுமாக உள்ள வீரர் கிடைத்தால் கொண்டாட்டம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். 2016இல் ரஷ்யாவுக்குத் திரும்பிவிட்ட பாவெல் டாட்சியுக்கின் 75 லட்சத்தை டெட்ராய்ட்டிடமிருந்து தன் கணக்கில் ஏற்றிக்கொண்டது அரிசோனா. பதிலுக்கு, புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 20ஆம் இடத்திலிருந்து 16ஆம் இடத்துக்கு ஏறியது. மூத்த வீரர் வியாபாரத்தில் நான் மனமாரப் பாராட்டுவது இதைத்தான். ஆள் வரவேயில்லை, எந்த ஆட்டத்தையும் கெடுக்கவில்லை. (2024இல் அணியும் யூட்டாவுக்குப் போய்விட்டது, அது வேறு கதை.)

யாராவது யாரோமிர் யாகரை உதாரணம் காட்டுவார்கள். 2015-16இல், 44 வயதாகிவிட்ட சீசனில், ஃபுளோரிடாவுக்கு 66 புள்ளி. அணியில் அவர்தான் முதலிடம், டிவிஷனில் அணி முதலிடம். உண்மைதான். அது ஒற்றை ஆண்டு ஒப்பந்தம், பக்கத்தில் ஓடுவதற்கு இளம் கால்கள் இருந்தன என்பதைச் சொல்லி உற்சாகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியில் பேரம். ஏஜென்ட் மூன்றாவது ஆண்டு கேட்பார். யோசிக்காமல் கொடுங்கள். டொராண்டோவில் 2017இல் 37 வயது பாட்ரிக் மார்லோவுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள்: மூன்று ஆண்டு, அதே 1.875 கோடி. இரண்டு ஆண்டு நன்றாகத்தான் ஓடியது. 2019இல் இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுக்க இடமில்லாமல் அவரைக் கரோலினா தலையில் கட்டினார்கள். வாங்கிக்கொள்வதற்குக் கூலியாகத் தங்கள் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் சேர்த்தே கொடுத்தார்கள். அதில் கரோலினா எடுத்த பையன்தான் சேத் ஜார்விஸ். இந்தக் கழித்துக்கட்டும் வேலை டொராண்டோவின் அப்போதைய ஜெனரல் மேனேஜர் கைல் டூபஸுக்கு வாய்த்தது. மூன்று ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்ட லூ லமொரியெல்லோ அப்போது நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு ஜெனரல் மேனேஜர்.