கோடம்பாக்கத்துக்கு வந்த அழகான படிவம்

கோடம்பாக்கத்தில் லைட்டும் ஸ்டாண்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடும் ஒரு அவுட்டோர் யூனிட் ஆபீஸ். அங்கே பல வருஷம் ஓடிய மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் படிவத்தைத் தூக்கிவிட்டு, தனியாக நிரல் எழுதிய மென்பொருளை வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். தம்பிகளே, உங்களைப் பாராட்டியே ஆக வேண்டும்.

முதல் பாராட்டு உங்கள் பெருந்தன்மைக்கு. அந்த ஆபீஸில் சலான் போடும் அக்காவின் பக்கத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்து அவர் வேலையைக் கெடுக்காமல், அவருக்கான மென்பொருளை முழுதாகக் கட்டி முடித்தீர்கள்.

பழைய படிவம் ஆபீஸ் மேனேஜரே மௌஸைப் பிடித்து இழுத்துக் கட்டியது. 1992இல் ஆக்சஸ் வந்ததே, நிரல் படிக்காதவரும் தன் வேலைக்குத் தானே படிவம் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான். மேலே படத்தின் பெயர், புரொடக்‌ஷன் மேனேஜர், கால்ஷீட் நேரம். கீழே வண்டியில் ஏறும் சாமான்கள். எல்லாமே ஒரே திரையில் அம்பலமாகிக் கிடக்கும். நீங்கள் அதை ஐந்து திரைகளுக்குள் கௌரவமாக உட்கார வைத்தீர்கள்.

அக்காவின் கை வேகத்தையும் நிதானப்படுத்தினீர்கள். பழைய படிவத்தில் கன்ட்ரோலோடு அபாஸ்ட்ரஃபியைத் தட்டினால் மேல் வரியில் இருந்த வண்டி எண் கீழ் வரியிலும் வந்து விழும். இருபது வரியையும் அப்படித்தான் ஓட்டுவார். தப்பினால் எஸ்கேப். அடுத்த வரிக்கு நகர்ந்தாலே பதிவாகிவிடும். இப்போது வரிக்கு வரி ‘சேமி’, அப்புறம் ‘நிச்சயமா?’, அதற்கு ஒரு ‘சரி’. விடியற்காலையில் வண்டி ஏறும் லைட்மேன்களுக்கு, சலான் கைக்கு வரும்வரை நன்றாக ஓய்வு கிடைக்கிறது. அந்த ஓய்வுக்கு யாரும் பேட்டா தருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையதில் குறை இல்லாமல் இல்லை. ஆக்சஸ் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது. பலர் ஒன்றாகத் திறந்திருக்கும்போது நெட்வொர்க் அறுந்தால் கெட்டுப்போகவும் கூடும். ஊருக்கு ஊர் கிளை வைத்தவர்களுக்கு இது உண்மையான ஆபத்து. ஒரே அறையில் மூன்று மேசை போட்ட ஆபீஸுக்கும் அந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டு சொன்னது உங்கள் தொலைநோக்கு. தரவை மட்டும் சர்வருக்கு மாற்றி, பழைய படிவத்தை அதோடு இணைத்துப் பிழைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. செலவும் குறைவு. அதைச் சொல்லி முதலாளியைக் குழப்பாமல் விட்டீர்களே, அந்த நிதானம் எத்தனை பேருக்கு வரும்?

எல்இடி பேனல்கள் வந்தபோது பேட்டரி எண்ணுக்கு ஒரு கட்டம் தேவைப்பட்டது. பழைய படிவமாக இருந்தால் டீ ஆறுவதற்குள் மேனேஜர் சேர்த்திருப்பார். நீங்கள் முறைப்படி கொட்டேஷன் அனுப்பினீர்கள். தொகையைப் பார்த்த முதலாளி யோசித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை பேட்டரி எண்கள் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் கமா போட்டு வரிசையாக நிற்கின்றன. எந்தப் படப்பிடிப்பிலிருந்து எந்த பேட்டரி திரும்பவில்லை என்று தேட முடியாது. ஆனால் அந்தக் கட்டத்தின் ஓரங்கள் மிக அழகாக வளைந்திருக்கின்றன.

இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. பழைய கோப்பை நீங்கள் அழிக்கவில்லை. போன மாதம் ஒரு தயாரிப்பாளரின் பாக்கியை, வலது கிளிக்கில் வடிகட்டி, அக்கா அதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார்.