எட்டு டம்ளர் கணக்கு

கேள்வி: தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே தீர வேண்டுமா?

பதில்: அப்படிக் கட்டாயம் ஏதுமில்லை. 1945-இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்றது. அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே கிடைத்துவிடும் என்றும் கூடவே எழுதியது. முதல் வரி உலகம் சுற்றியது. அடுத்தது வீட்டைத் தாண்டவில்லை! 2002-இல் சிறுநீரக ஆய்வாளர் ஹைன்ஸ் வால்டின் தேடியும் எட்டு டம்ளருக்கு ஆதாரம் சிக்கவில்லை.

ரசம், மோர், வெள்ளரிக்காய் எல்லாமே கணக்கில் சேரும். காபியும்தான்.

அளவு மீறினாலும் வம்பு. அதே 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே மடக்மடக்கென்று குடித்து எடை கூடியவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம்.

வயதானால் தாகம் மந்தமாகும். வீட்டுத் தாத்தா கேட்கும்வரை காத்திராமல் சொம்பை நீட்டுங்கள்.