ரூபார்பை ஏமாற்றும் முறை

ரூபார்ப் சுக்கான்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்த குளிர்நாட்டுச் செடி. சேம்பு மாதிரி பெரிய இலை விடும். அந்த இலையைத் தாங்கும் தடித்த காம்பு மட்டுமே உணவு. இலையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி என்பதால் அது நஞ்சு. முதலாம் உலகப் போரின் தட்டுப்பாட்டில் இங்கிலாந்தில் இலையையும் சமைக்கச் சொல்லி யோசனை தந்தார்கள். சமைத்தவர்கள் படுத்த படுக்கையானதும் யோசனை அடங்கியது. இதன் இனத்து வேரோ ரேவல்சின்னி என்ற பெயரில் நெடுங்காலமாகப் பேதி மருந்து. வேர் வயிற்றைக் கலக்கும், இலை ஆளையே சாய்க்கும். நடுவில் இருக்கும் காம்பை மட்டும் சர்க்கரை கொட்டித் தின்னலாம் என்று கண்டுபிடித்தவர் கடும் பசியில் இருந்திருக்க வேண்டும்.

இந்தச் செடியை மூடி வளர்ப்பது ஒரு மோசடி. குளிர்காலக் கடைசியில், உறங்கும் கிழங்கு விழிக்குமுன் அதன்மேல் வெளிச்சம் புகாத பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். வெளிச்சம் தேடிக் காம்பு மளமளவென்று நீளும். வெயில் படாததால் பச்சையம் சேராது. நார் குறைந்து இளஞ்சிவப்பாக, புளிப்பும் சற்றுத் தணிந்து வரும். செலவு முழுவதும் கிழங்கின் சேமிப்பிலிருந்து போகிறது. அம்மன் திருவிழாவுக்கு இருட்டறையில் முளைப்பாரி போடும் பெண்களுக்கு இதில் கற்றுக்கொள்ளப் புதிதாக ஒன்றுமில்லை. லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்துக்காரர்களுக்கோ 1817இல், செடிமேல் தவறிக் கொட்டிய மண்ணை அள்ளியபோதுதான் விஷயம் புரிந்தது. பிறகு யார்க்‌ஷரில் வேக்ஃபீல்டு, மோர்லி, ரோத்வெல் ஊர்களுக்கு நடுவே சூடேற்றிய இருட்டுக் கொட்டகைகள் எழுந்தன. அங்கே அறுவடை மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான். மொட்டு வெடித்து விரியும் சத்தம் காதில் விழும் என்கிறார்கள். அந்தக் காம்புக்கு 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் பெயர்ப் பாதுகாப்பும் வழங்கியது.

இனி நீலகிரி. அங்கே சீமைக் காய்கறிகள் வந்தது கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில். 1847இல் ஊட்டி வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் தொடங்கினார்கள். மறு ஆண்டு லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற தோட்டக்காரர் மக்ஐவர் வந்து சேர, அது வளர்ந்து இன்றைய தாவரவியல் பூங்கா ஆயிற்று. முட்டைக்கோஸ் மலிவாகக் கிடைக்கட்டும் என்று தொடங்கிய இடத்தில் இப்போது டிக்கெட் வாங்கிப் போட்டோ எடுக்கிறார்கள். கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் மலைக்காரர்களின் பயிராகி, லாரி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கின. ரூபார்ப் மட்டும் பங்களாத் தோட்டத்து ஆசையாகவே நின்றுவிட்டது. காரணம் எளிது. புளி, எலுமிச்சை, மாங்காய், புளிச்சகீரை எல்லாம் இருக்கும் சமையலறையில், சர்க்கரையையும் சேர்த்துக் கேட்கும் இன்னொரு புளிப்புக்கு வேலையில்லை.

ஆசைப்படுபவருக்கு முதல் இடர் குளிர். உறக்கம் கலைந்து வேகமாக முளைக்க, கிழங்கு பல நூறு மணி நேரம் நல்ல குளிரில் கிடக்க வேண்டும். சுமார் 1,850 மீட்டர் உயரத்துக் குன்னூர்ச் சரிவில் அது கிடைப்பது கடினம். ஊட்டியிலும் மேட்டைவிடப் பள்ளமே மேல், குளிர்காற்று கீழே இறங்கித் தேங்குவதால். தலைக்குந்தா, காந்தல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல் வெளுத்துக் கிடக்கும். கொழுந்து கருகுமே என்று தேயிலைக்காரர் உறைபனியைத் திட்டும் அதே காலையில், ரூபார்ப்காரர் இன்னும் நாலு நாள் பெய்யட்டும் என்று வேண்டிக்கொள்கிறார். இருவரும் ஒரே டீக்கடைக்குப் போகாமலிருப்பது நல்லது. ஆனால் காலை பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிப்பதால், நீலகிரிச் செடிக்குக் குளிர்காலம் வந்ததா இல்லையா என்பதே சந்தேகம். ஆகவே இங்கே அதை இருமுறை ஏமாற்ற வேண்டும்: முதலில் குளிர்காலம் என்று, பிறகு வசந்தம் என்று. மிச்ச இலைகளை டிசம்பரில் கழித்துவிட்டு, கிழங்கின் தலைமேல் மூடாக்கு எதுவும் போடாமல் பனிக்குக் காட்டுவது முதல் வேலை. தோண்டி எடுத்து ஃப்ரிட்ஜிலும் வைக்கலாம், வீட்டில் அனுமதி கிடைத்தால்.

இத்தனைக்கும் தகுதியான கிழங்கு குறைந்தது மூன்று வயதுடையதாக இருக்க வேண்டும். நட்ட ஆண்டில் ஒரு காம்பைக்கூடத் தொடக்கூடாது. மேட்டுப்பாத்தி அவசியம், ஜூன் மழையில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். ஜனவரிக் கடைசியில் மூடலாம். சீமையில் இதற்கென்றே மூடியுள்ள சுடுமண் ஜாடி உண்டு. இங்கே 20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும். வெள்ளை வாளியில் வெளிச்சம் கசியும் என்பதால் மேலே சாக்கைச் சுற்ற வேண்டும். சுற்றிலும் புதுக் குதிரைச் சாணம் குவித்தால் உள்ளே கதகதப்பு ஏறும். ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகள் இருக்கும்வரை அதற்குப் பஞ்சமில்லை.

வாளிமேல் கல் வைப்பது குரங்குக்காக. காட்டெருமைக்குக் கல் ஒரு பொருட்டல்ல, அது வாளியோடு மிதித்துவிட்டுப் போகும். இவற்றைவிடப் பெரிய தொல்லை பக்கத்து வீட்டார். தோட்டத்து நடுவில் கல் வைத்துக் கவிழ்த்த வாளி அந்தத் தெருவில் பல ஊகங்களைக் கிளப்பும். ஒவ்வொரு விருந்தாளியும் தூக்கிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் வெளிச்சம் உள்ளே போகும்.

ஐந்தாறு வாரத்தில் காம்பு ஓர் அடி எட்டும். கத்தி வேண்டாம், அடியைப் பிடித்துத் திருகி இழுத்தால் கழன்று வரும். உச்சியிலுள்ள மஞ்சள் குட்டி இலையைக் கிள்ளி எறிய வேண்டும். காம்போடு இஞ்சியும் நிறையச் சர்க்கரையும் சேர்த்தால் ஜாம். காரம் போட்டுத் தொக்காகவும் கிளறலாம். ஜாடியில் பெயர் எழுதாவிட்டால் மாங்காய்த் தொக்கு என்றே சாப்பிடுவார்கள், பாராட்டவும் செய்வார்கள்.

அறுவடை முடிந்ததும் வாளியை எடுத்துவிட்டு எரு போட்டு, கிழங்கை அடுத்த இரண்டு ஆண்டுக்குச் சும்மா விட வேண்டும். உடனே மறுபடி மூடினால் நலிந்துபோகும். கழித்த இலைகளை மாட்டுக்குப் போடக்கூடாது. குப்பைக்குழியில் போடலாம், மக்கும்போது அமிலம் சிதைந்துவிடும்.