நடுவயது ஓட்டம்: ஒரு முன்னோட்டம்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

நாற்பது வயதைக் கடந்த ஒருவர், யாரும் துரத்தாதபோது, போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லாமல், கைக்காசைச் செலவழித்து ஓடுவதே இந்த ஆய்வின் பொருள். புறப்பட்டுவிட்ட பஸ்ஸின் பின்னால் ஓடுவது, கடன் கொடுத்தவரைக் கண்டதும் சந்துக்குள் ஓடுவது, மேலதிகாரி மணி அடித்தால் ஓடுவது ஆகியவை தொன்மை வாய்ந்தவை; தனித்தனி ஆய்வேடுகளுக்கு உரியவை. எனவே அவை ஈண்டு விலக்கப்படுகின்றன.

கள எல்லை, சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலை தொடங்கிக் கலங்கரை விளக்கம் வரை. கால எல்லை, விடியற்காலை 4.45 முதல் 7 மணி வரை. அதன்பிறகு வெயில் ஏறி, தரவாளர்கள் இளநீர் வண்டிகளின் நிழலில் ஒதுங்கிவிடுகின்றனர். முப்பத்தொன்பதில் ஷூ வாங்கி, நாற்பதில் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தவரை எந்த வயதில் தொடங்கியவராகக் கொள்வது என்ற சிக்கல் பிற்சேர்க்கையில் விவாதிக்கப்படும். பிற்சேர்க்கை இல்லை.

2. முன்னோர் ஆய்வுகள்

ஆய்வேடு என்றால் 'சங்க காலத்தில் இப்பொருள்' என்று ஓர் இயல் இருந்தே தீர வேண்டும் என்பர் நெறியாளர்கள். சங்க காலத்தில் நாற்பதைக் கடந்தோர் பொழுதுபோக்காக ஓடினர் என்பதற்குச் சான்று இல்லை. ஓடவில்லை என்பதற்கும் சான்று இல்லை. ஆகவே ஓடினர் என்று துணியலாம். இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றோர் உண்டு.

அயல்நாட்டுச் சான்றுகள் சற்றுத் தெளிவானவை. 1962ஆம் ஆண்டின் இறுதியில் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன் நியூசிலாந்து போனார். அப்போது அவருக்கு 51 வயது. ஆக்லாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், சாதாரண குடும்பஸ்தர்களையும் இதய நோயாளிகளையும் மெதுவாக ஓடவைத்துக்கொண்டிருந்தார். பவர்மேனும் கூட ஓடினார். முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கியது. எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்டு மீண்ட ஒரு பெரியவர் அவருக்குத் துணையாகப் பின்தங்கி, பேசிக்கொண்டே ஓடினார். நாடு திரும்பிய பவர்மேன், இதய மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1967இல் 'ஜாகிங்' என்ற நூலை வெளியிட்டார். அவர் பங்குதாரராக இருந்த சிறிய ஷூ வியாபாரம் பின்னாளில் நைக்கி ஆனது. இவ்வுலகில் நடுவயதினர் வாங்கி மூலையில் போட்டிருக்கும் ஷூக்களுக்கெல்லாம் மூலகாரணம் அந்த ஆக்லாந்து மேடு என்பது ஆய்வாளரின் கருதுகோள்.

3. வகைப்பாடு

ஓடுவோர் ஐவகையினர்:

(அ) சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர் சொல்லி ஓடுபவர்.

(ஆ) அலுவலக நண்பர் ஓடுவதைப் பொறுக்காமல் ஓடுபவர்.

(இ) ஷூ விலை அதிகம் என்பதால் ஓடுபவர்.

(ஈ) மகளோ மகனோ பிறந்தநாள் பரிசாகப் போட்டிக்குப் பெயர் பதிந்துவிட்டதால் ஓடுபவர்.

(உ) பிடித்திருப்பதால் ஓடுபவர். இவ்வகையினர் இருப்பதாகக் கேள்வி.

4. முழங்கால் இயல்

ஒருவர் ஓடத் தொடங்கிய செய்தி அவருடைய முழங்காலுக்குத் தெரியவருமுன் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுகிறது. "தம்பி, வேணாம். முழங்கால் தேஞ்சு போயிடும்" என்பது இத்துறையின் மூலநூல் (கீழ்வீட்டுப் பெரியவர், வாய்மொழி, கேட் அருகே, காலை 5.10).

இக்கூற்றைச் சோதித்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 1984இல் தொடங்கி, ஐம்பதைக் கடந்த 538 ஓட்டக்காரர்களையும் ஓடாத சிலநூறு பேரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். 19 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஓடியோரில் 15 சதவீதத்தினரும் ஓடாதோரில் 34 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். ஓடியவர்கள் தொடக்கத்திலேயே ஒல்லியானவர்கள், உடம்பைப் பேணுபவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்தான். அதே பல்கலைக்கழகத்தார் 45 ஓட்டக்காரர்களின் முழங்கால்களை 2002 வரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தனர். ஓடாதவர்களைவிட அவை அதிகமாகத் தேய்ந்திருக்கவில்லை.

இம்முடிவு மூலநூலாசிரியரின் பார்வைக்கு வைக்கப்பட்டபோது அவர் கூறியது: "அது அமெரிக்காக்காரன் முழங்கால் தம்பி. நம்மளுது வேற" (மேலது, திருத்திய இரண்டாம் பதிப்பு, படிக்கட்டு, கையில் பால் பாக்கெட்டுடன், மருமகள் மறுத்துரைத்த பகுதி நீக்கப்பட்டுள்ளது).

உள்ளூர்க் காலுக்கும் சான்று இல்லாமல் இல்லை. 2021இல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் விபத்தில் காலில் பலத்த அடிபட்டவர்; ஐம்பதைக் கடந்த பிறகு ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தவர். இதற்கும் பெரியவரிடம் விடை இருந்தது: "அவருக்கு ஓடித்தான் ஆகணும், அரசியல்ல இருக்காரு."

முழங்காலில் தோற்றால் வாதம் மார்புக்கு ஏறும். ஓட்டத்தைப் பற்றி 1977இல் எழுதிய நூலால் உலகப் புகழ்பெற்ற ஜிம் ஃபிக்ஸ், 1984இல் ஓடும்போதே மாரடைப்பால் இறந்தார், வயது 52. எதிரணியின் பிரம்மாஸ்திரம் இதுதான். அவருடைய தந்தைக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு வந்தது, 43 வயதில் உயிர் போனது, ஃபிக்ஸும் 35 வயதுவரை சிகரெட்டை ஊதித் தள்ளியவர் என்ற தரவுகள் வாய்மொழி மரபில் ஏனோ இடம்பெறுவதில்லை.

5. எண்ணியல்

ஓடத் தொடங்கிய மூன்றாம் வாரத்திலிருந்து ஒருவரின் பேச்சில் எண்கள் நுழைகின்றன. அவற்றுள் தலையாயது 220. அதிலிருந்து வயதைக் கழித்தால் வருவதே இதயம் துடிக்கக்கூடிய உச்ச அளவு என்பது விதி. ஐம்பது வயதுக்காரருக்கு 170. ஜிம் சுவரில் இது ஒட்டப்பட்டிருக்கிறது. கைக்கடிகாரம் இதைக் கணக்கிட்டுச் சிவப்பில் மிரட்டுகிறது.

இவ்விதியின் பிறப்பு ஆராயத்தக்கது. 1970ஐ ஒட்டி சாமுவேல் ஃபாக்ஸ், வில்லியம் ஹாஸ்கெல் முதலான அமெரிக்க மருத்துவ அறிஞர்கள், ஏற்கெனவே வெளியாகியிருந்த சில ஆய்வுகளின் எண்களைத் தாளில் புள்ளிகளாக இட்டுப் பார்த்தனர். புள்ளிகளின் ஊடே கண்மதிப்பில் ஒரு கோடு ஓடுவதாகத் தோன்றியது. இதைக்கொண்டு ஊரார் உடற்பயிற்சியை ஆள வேண்டும் என்று தாங்கள் எண்ணவே இல்லை என்று ஹாஸ்கெலே பின்னாளில் சொன்னார். அதற்குள் கோடு கல்வெட்டாகிவிட்டது. 2002இல் ராபர்க்ஸ், லாண்ட்வேர் என்ற இருவர் இந்தச் சமன்பாட்டின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டனர். நூலைப் பார்த்தால் அது வேறொரு நூலைச் சுட்டியது. அது இன்னொன்றைச் சுட்டியது. கடைசியில் போய் நின்ற இடத்தில் முறையான ஆய்வே இல்லை. முப்பதாண்டுகள் எல்லோரும் முன்னவர் பார்த்திருப்பார் என்று நம்பி மேற்கோள் காட்டியிருந்தனர். சுவடியைக் கண்ணால் காணாமலே பாடபேதம் குறித்துச் சண்டையிடும் மரபில் வந்த தமிழ் ஆய்வுலகத்துக்கு இது வியப்பளிக்காது.

2001இல் தனாகாவும் சகாக்களும் திருத்திய கணக்கு ஒன்றைத் தந்தனர்: வயதை 0.7ஆல் பெருக்கி 208லிருந்து கழிக்க வேண்டும். நாற்பது வயதுக்கு இரண்டு கணக்கும் 180 என்றே வருகின்றன. அறுபதுக்குப் பழைய விதி 160 என்கிறது, புதியது 166 என்கிறது. ஆக, இந்தப் பிழையில் நட்டப்பட்டவர்கள் காலந்தாழ்ந்து ஓடவந்தவர்களே. ஆனால் 0.7ஆல் பெருக்கிக்கொண்டே ஓட யாராலும் முடியவில்லை என்பதால் 220 ஆட்சியில் நீடிக்கிறது.

அடுத்த எண் 180. நிமிடத்துக்கு இத்தனை அடி வைக்க வேண்டும் என்பது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் தம் மனைவியோடு உட்கார்ந்து, ஓடியவர்களின் காலடிகளை எண்ணினார். அநேகமாக எல்லோரும் 180ஐத் தொட்டனர் அல்லது தாண்டினர். எண்ணப்பட்டவர்கள் ஒலிம்பிக் வீரர்கள் என்ற சிறு விவரம் வழியில் உதிர்ந்துவிட்டது. இன்று திருவல்லிக்கேணியிலிருந்து வரும் வங்கி மேலாளர் ஒருவரின் காதுக்குள் அதே எண் டிக் டிக்கென்று அடிக்கிறது.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்பது மூன்றாவது விதி. நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓட வந்த 532 பேரை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணி பத்து சதவீத விதிப்படி 13 வாரம் பொறுமையாகத் தயாரானது. மற்றது எட்டே வாரத்தில் தயாரானது. 2008இல் வெளியான முடிவு: இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம்.

6. 4.97 என்னும் சிக்கல்

இவ்வாய்வின் உயிர்நாடி இது.

ஒருவர் ஐந்து கிலோமீட்டர் ஓடத் தீர்மானித்துக் கிளம்புகிறார். திரும்பி வந்து அபார்ட்மென்ட் கேட்டைத் தொடும்போது கடிகாரம் 4.97 காட்டுகிறது. இனி அவர் என்ன செய்வார்? இதில் அறிஞர்கள் ஐந்து பிரிவினர்.

தோராயர் 4.97ஐ ஐந்து என்றே கொண்டு மாடி ஏறிவிடுவர். பிற பிரிவினர் இவர்களோடு சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை.

நிறுத்தர் சிக்னலில், ஷூ கயிறு கட்டும்போது, தெரிந்தவரிடம் நலம் விசாரிக்கும்போது கடிகாரத்தை நிறுத்திவைப்பர். குழுவிலேயே வேகமானவர்கள் இவர்கள்தாம். நிறுத்தா நெறியினர் கடிகாரத்தை நிறுத்தாமல், சிவப்பு விளக்கில் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பர்.

பதிவியர், ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் ஏறாத ஓட்டம் நிகழ்ந்ததே அல்ல என்னும் கொள்கையர். கடிகாரத்தில் சார்ஜ் தீர்ந்ததும், இனி ஓடுவது யாருக்கு என்று ஆட்டோ பிடித்து வீடு திரும்பிய நிகழ்வு களப்பணியில் பதிவாகியுள்ளது.

முழுமையரே இவ்வாய்வின் நாயகர். இவர் கேட்டுக்குள் நுழைந்ததும் நிற்பதில்லை. இடக்கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி கார் நிறுத்துமிடத்தைச் சுற்றுகிறார். பனியனில் உப்பு பூத்திருக்கிறது. சம்ப் மூடியை மிதிக்கும்போதெல்லாம் டொக் என்று சத்தம் வருகிறது, 4.98. மீட்டர் பெட்டிகளைத் தாண்டி, துணி போர்த்திய ஸ்கூட்டரைச் சுற்றி, மறுபடி டொக், 4.99. மோட்டார் போட வந்த வாட்ச்மேன், "என்ன சார், சாவி தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டுக் கூடவே குனிந்து தேடுகிறார். விடை சொல்ல மூச்சு இல்லை. மூன்றாம் டொக்கில் 5.00. முழுமையர் கடிகாரத்தை அமுக்கிவிட்டு, தேடிக்கொண்டிருப்பவரைத் தாண்டி லிஃப்டுக்குப் போகிறார். ஓடி வந்தவர் லிஃப்டில் ஏறுவதன் தத்துவம் தனி ஆய்வுக்குரியது.

இந்நிகழ்வுக்கு உரையாசிரியர் தந்த விளக்கம்: "வீட்ல ஏதோ பிரச்சினை. உள்ள போகப் பயந்துக்கிட்டுச் சுத்துறாரு" (கீழ்வீட்டுப் பெரியவர், மூன்றாம் தொகுதி, 'அடுத்தவர் குடும்பங்கள்' என்னும் பகுதி, குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில் 'இதர' என்ற தலைப்பின்கீழ் நிகழ்த்திய பேருரை, செயலாளர் குறுக்கிட்டதால் முற்றுப்பெறவில்லை, எஞ்சிய பகுதி மொட்டைமாடியில் வடகம் காயவைத்தபோது கிடைத்தது, நடுவே சில வரிகள் காக்கை விரட்டியதில் சிதைந்துள்ளன).

அறிவியல் நோக்கில் முழுமையரின் முப்பது மீட்டரை ஆராய்ந்தால் திகைப்பே மிஞ்சும். திறந்தவெளியிலேயே ஜிபிஎஸ் சில மீட்டர் தப்பாகக் காட்டும். உயரக் கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். ஐந்து கிலோமீட்டரில் முப்பது மீட்டர் என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. சம்பைச் சுற்றும்போது அவர் திருத்துவது தம் தூரத்தையா, கடிகாரத்தின் பிழையையா என்று பிரித்தறிய வழியில்லை.

ஆயினும் அவர் பக்கம் வரலாறு நிற்கிறது. மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் வால்போல் தொங்கும் எண்கள், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்த மாடத்தின் எதிரே முடிக்க ஏற்பாடானதால் வந்தவை. 1921இல் அதையே உலக விதி ஆக்கினர். மேலும், போட்டிப் பாதையை அளவு பார்த்த சைக்கிளால் அளந்து, குறைந்துவிடக் கூடாதே என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியே வைப்பது வழக்கம். மாரத்தானுக்கு ஏறத்தாழ 42 மீட்டர். இதை அறியாத தரவாளர்கள் முடிவுக்கோட்டிலேயே நின்று, "எனக்கு 42.6 காட்டுது, தூரத்தை ஏமாத்திட்டாங்க" என்று அமைப்பாளர்களிடம் சண்டை பிடிக்கின்றனர்.

சான்றாதாரப் பித்தில் முழுமையரையும் விஞ்சியது கின்னஸ் அமைப்பு. பஞ்சாபில் பிறந்து லண்டனில் குடியேறிய ஃபௌஜா சிங், 89 வயதில் முதல் மாரத்தான் ஓடியவர். 2011இல், நூறு வயதில், டொரன்டோ மாரத்தானை எட்டு மணி நேரம் 11 நிமிடத்தில் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் பதிவு செய்ய மறுத்துவிட்டது. 1911இல் பஞ்சாப் கிராமத்தில் பிறந்த குழந்தையிடம் சான்றிதழ் கேட்பது, இவ்வாய்வாளர் இதுவரை கண்ட அடிக்குறிப்புகளிலேயே ஈவிரக்கமற்றது.

7. நாய்கள்

இவ்வியல் களப்பணியின்போதே கைவிடப்பட்டது.

8. பொங்கல்

ஓடினால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 75 கிலோ எடையுள்ளவர் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் சுமார் 375. ஓட்டம் முடிந்து குழுவாக உட்காரும் மேசையில் நெய் மிதக்கும் வெண்பொங்கலும் மெதுவடையும் வந்திறங்கியதும் இந்த 375 செலவாகிவிடுகிறது. காபி கடன் கணக்கில் எழுதப்படுகிறது. முதல் வடைக்கு ஈடுகட்ட அடுத்த வாரம் ஓடலாம் என்பதில் எல்லாப் பிரிவினரும் ஒத்துப்போகின்றனர். தோராயரையும் அந்த மேசையில் சேர்த்துக்கொள்கின்றனர்.

இரண்டாம் வடை குறித்துப் போதிய தரவுகள் கிட்டவில்லை. மேலாய்வு வரும் ஞாயிறு காலை 7.15க்கு நிகழும். நல்கை வழங்க முன்வருவோர் சில்லறையாகக் கொண்டுவரவும்.