பெட்டி வாசித்தால் கணக்கு வருமா?

என் அப்பா கணக்கு வாத்தியார். பாளையங்கோட்டையில் அவரிடம் காது திருகு வாங்காமல் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் குறைவு. பாட்டுக்கும் கணக்குக்கும் ஆகாது என்பது அவருடைய தீர்மானமான கொள்கை. ஒரே மண்டைக்குள் இரண்டும் குடியிருக்க முடியாது. பாட்டு உள்ளே வந்தால் முதலில் அல்ஜீப்ரா போகும், பின்னாலேயே ஜியோமெட்ரி போகும், கடைசியில் பையன் போவான். போகும் இடத்தையும் அவரே சொல்லிவிடுவார்: நாடகக் கம்பெனி.

என் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். எட்டு வயது மகளைப் பியானோ வகுப்பில் சேர்த்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன். "மேத்ஸ் நல்லா வரும்ப்பா" என்றான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் பியானோவை யாரும் பார்த்ததில்லை. மிஷன் பங்களாவில் ஒன்று இருப்பதாகவும் அதைக் கறையான் பாதி தின்றுவிட்டதாகவும் பேச்சு உண்டு. எங்களுக்கு வாய்த்தது ஆர்மோனியப் பெட்டி. நாடகக் கம்பெனிகளில் வாசித்து ஓய்ந்த அண்ணாச்சி ஒருவர் தெருக்கோடியில் இருந்தார். நாடக மேடைப் பாடகர் கிட்டப்பாவுக்கு அவருடைய சகோதரர் காசி ஐயர் பெட்டி வாசித்த காலத்துக் கதைகளை நேரில் பார்த்தவர் மாதிரி சொல்வார். வயதைக் கூட்டிப் பார்த்தால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அப்பா போட்ட கூட்டல்தான் அது.

அண்ணாச்சியிடம் மாசம் அஞ்சு ரூபாய்க்குச் சரளி வரிசை படித்தேன். பணம் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து வந்தது. ரகசியம் காப்பதில் ஒரே ஒரு சிக்கல்: ஆர்மோனியம் இரண்டு தெருவுக்குக் கேட்கும். அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் வரும்போதே என் தப்புத் தாளத்தை அடையாளம் கண்டுகொண்டுவிட்டார். "ஏலே, பெட்டி வாசிச்சு எந்தக் கோயில்ல உண்டக்கட்டி வாங்கப் போற?" என்றார். அரசாங்கத்தையும் சாட்சிக்கு இழுத்தார். அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை உள்ளே விடக்கூடாது என்று தடை போட்டிருந்தது. கட்டை கட்டையாக நிற்கும் அதன் சுரங்களில் கமகம் வராது, நம் சங்கீதத்துக்கு அது சரிப்படாது என்பது காரணம். 1971-ல்தான் அந்தப் பிடி தளர்ந்தது. "ரேடியோக்காரனே விரட்டின பெட்டி வீட்டுக்குள்ள எதுக்கு?" என்று அப்பா கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. தடை தளர்ந்த செய்தி வந்த நாளில் அவர் பேப்பரைச் சீக்கிரமாக மடித்துவைத்துவிட்டார்.

1976-ல் 'அன்னக்கிளி' படம் வந்தது. தன் அண்ணனின் கச்சேரிக் குழுவில் ஆர்மோனியம் வாசித்து, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த பண்ணைப்புரத்துக்காரர் ஊரையெல்லாம் பாட வைத்துவிட்டார். எங்கள் வீட்டு டீக்கடைப்பக்க ஜன்னல் வழியாக நாள் முழுக்க அதே பாட்டு. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அசரவில்லை. "அவன் வேற" என்றார். அதற்குள் நான் பெட்டியை விட்டுக் கணக்குப் பட்டப்படிப்புக்குப் போயிருந்தேன். பாட்டு வெளியேறிய இடத்தில் அல்ஜீப்ரா பெரிதாக ஒன்றும் வளர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தக் காலத்துக்கு வருவோம். பேத்தி வயிற்றில் இருந்தபோதே சங்கீதம் தொடங்கிவிட்டது. மருமகளின் வயிற்றின் மேல் ஹெட்போனை வைத்து மொசார்ட் போட்டார்கள். பிள்ளை புத்திசாலியாகப் பிறக்குமாம். இந்த நம்பிக்கையின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். ரிட்டயர்ட் ஆனவனுக்கு வேறென்ன வேலை. 1993-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. கல்லூரி மாணவர்கள் 36 பேர் பத்து நிமிஷம் மொசார்ட் கேட்டார்கள். காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற கேள்விகளுக்குக் கொஞ்சம் நன்றாகப் பதில் சொன்னார்கள். அந்தப் பலன் நின்றது பத்து, பதினைந்து நிமிஷம். அவ்வளவுதான். அதில் குழந்தையும் இல்லை, கர்ப்பிணியும் இல்லை, வாத்தியம் கற்றவர் என்ற பேச்சும் இல்லை. ஆனால் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் வேண்டும் என்று சட்டசபையில் கேட்டார். அங்கிருந்து எங்கள் மருமகளின் வயிறு வரை அந்த நம்பிக்கை வந்து சேர்ந்துவிட்டது.

மகனிடம் சொன்னேன். "அது கேக்கறது. இது கத்துக்கறது. வேற" என்றான். அதையும் படித்தேன். டொரண்டோவில் 144 ஆறு வயதுக் குழந்தைகளை நான்கு கூட்டமாகப் பிரித்து, கீபோர்டு, பாட்டு, நாடகம் என்று ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு எதுவும் இல்லை. 2004-ல் முடிவு வந்தது. சங்கீதம் படித்த பிள்ளைகளின் ஐக்யூ மற்றவர்களைவிட மூன்று புள்ளிக்கும் குறைவாகக் கூடியிருந்தது. நாலு பேரோடு இணங்கிப் பழகுவதில் முன்னேறியது யார் தெரியுமா? நாடகக் கூட்டம். அண்ணாச்சி இருந்திருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார்.

2020-ல் இப்படிப்பட்ட 54 ஆய்வுகளை, ஏறக்குறைய 7,000 பிள்ளைகளை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். ஒழுங்காக ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் படிப்புக்கோ புத்திக்கோ கிடைத்த லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம். 2009-ல் வந்த இன்னொரு ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. பதினைந்து மாதம் கீபோர்டு படித்த சின்னப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், விரலை ஆட்டும் பகுதியும் சத்தத்தைப் பிரித்தறியும் பகுதியும் மாறியிருந்தன. பியானோ படித்தால் பியானோ வரும். இதற்கு ஸ்கேன் வேண்டியிருக்கிறது! அப்பா கணக்குக்குப் பகை என்று துரத்தினார், மகன் கணக்குக்குக் கையாள் என்று கூட்டிவந்தான். இரண்டு பேருமே பாட்டைப் பாட்டுக்காக ஒரு தடவையும் விசாரிக்கவில்லை.

வீட்டில் இருப்பது 88 கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ. அமுக்கினால் அசல் பியானோ போலவே கனக்கிறது. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது என்று பேத்தி ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் வாசிப்பாள். அடுத்த அறையில் எனக்குக் கேட்பதெல்லாம் கட்டைகள் இறங்கும் டொக் டொக். அந்தக் காலத்தில் நான் வாசிக்கக் கூடாது, ஆனால் ஊருக்கே கேட்டது. இவள் தினமும் வாசித்தே ஆகவேண்டும், தாத்தாவுக்குக்கூடக் கேட்பதில்லை. வாசித்தாளா என்பதை ஒரு ஆப் பார்த்துக்கொள்கிறது. எத்தனை நிமிஷம், எத்தனை தப்பு என்று அவள் அப்பாவுக்கு ஆபீஸில் தகவல் போய்விடுகிறது. என் அப்பாவுக்காவது சைக்கிளில் வீடு வந்து சேர வேண்டியிருந்தது.

ஒருநாள் வகுப்புக்குத் துணைக்குப் போனேன். டீச்சர் 'சி மேஜர்' சொல்லிக்கொடுத்தார். காதில் விழுந்ததும் சும்மா இருக்க முடியாமல், "இது நம்ம சங்கராபரணம்தானேம்மா" என்றேன். "கரெக்ட்தான் அங்கிள், ஆனா எக்ஸாம் வரைக்கும் குழந்தையைக் கன்ஃப்யூஸ் பண்ண வேண்டாமே" என்றார். நியாயம்தான். டிரினிட்டி என்ற அந்தப் பியானோ பரீட்சை லேசுப்பட்டதில்லை. நூற்றுக்கு 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். மூன்று உருப்படி வாசிக்க வேண்டும். ஸ்கேல் வாசிக்க வேண்டும். பேத்தி 84 வாங்கினாள். "மூணு மார்க்கை எங்கம்மா விட்ட?" என்றான் என் மகன். என் அப்பா போட்டோவிலிருந்து இறங்கி வந்துவிட்டாரோ என்று சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹெட்போன் ஒயர் பழுதாகிவிட்டது. பேத்தி அப்படியே உட்கார்ந்து, பள்ளிக்கூட பஸ்ஸில் கேட்ட குத்துப்பாட்டு ஒன்றைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தாள். முதலில் வலது கை மட்டும். அப்புறம் இடது கையில் டண்டணக்கா. ஒரு இடத்தில் தப்பு வந்தது. திரும்பப் போய்த் திருத்தினாள். யாரும் சொல்லாமலே திரும்பப் போனாள். நான் ஸ்டூலில் தாளம் போட்டேன். மருமகள் கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். "மாமா, நீங்களுமா?" என்று கேட்டுவிட்டு அவளே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். காப்பி டிகாக்‌ஷன் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

மகன் மட்டும் போனை எடுத்து ஆப்பைத் திறந்து பார்த்தான். சிலபஸ் பாட்டாக இல்லாததால் ஒரு நிமிஷம்கூட ஏறவில்லை.

"அரை மணி நேரம் வாசிச்சிருக்கா. இதைக் கணக்குல சேர்க்க முடியாதாப்பா?" என்று என்னைக் கேட்டான்.